கடல் பக்கம் திறக்கவில்லை

அக்டோபர் 6, திங்கள்

டைற்றஸ் அண்ணன் இன்றும் கணினியை விட்டுத்தரவில்லை. மீனவர் அடையாள அட்டை மனுக்களை இந்த வாரத்துக்குள் ஏற்றியாக வேண்டுமாம். அவர் சங்கச் செயலாளர், நான் எழுத்தர். என்ன சொல்ல முடியும்.

அன்னைத்துறை விசைப்படகுச் சங்கத்தில் இருப்பது ஒரே கணினி. அதற்குள் இரண்டு பக்கம். சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். மேல் வரியைத் தட்டினால் விண்டோஸ். அங்கே அண்ணனுடைய மனுக்களும் கடிதங்களும். கீழ் வரியைத் தட்டினால் லினக்ஸ். அங்கே கடல். ஆழ்கடலுக்குப் போகும் எங்கள் படகுகளில் ஒன்பதில் ஆரஞ்சு நிறப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அது மணிக்கொரு தரம் படகு நிற்கும் இடத்தைச் சொல்லும். இங்கிருந்து சின்னச் செய்தி அனுப்பலாம், அவர்களும் பதில் போடலாம். பல்கலைக்கழகத்து வைதேகி மேடம் சோதனைத் திட்டமாகப் பொருத்திக் கொடுத்தது. மாடியில் அதற்கென்று ஒரு குட்டி டிஷ்; கரண்ட் இருந்தால், கணினி அணைந்திருந்தாலும் வருவதை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பெட்டிகளோடு பேச இந்தக் கணினியைத் தவிர வேறு வழியில்லை. நாங்கள் அதைக் கடல் பக்கம் என்போம்.

சாயங்காலம் அண்ணன் வேலையை முடித்தபோது விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. அணைக்காதீர்கள் என்று எழுதி வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றி முடிவதற்குள் கரண்ட் போனது. யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது. பூட்டிவிட்டு வந்தேன்.

பெர்க்மான்ஸ் கிளம்பி மூன்று வாரம் ஆகிறது. என் வீட்டுக்காரர். ‘செல்வமாதா’வின் ஸ்ராங்கு, படகை ஓட்டுகிறவர். அவர் புறப்பட்ட அன்று நான் துறைமுகத்துக்குப் போகவில்லை. தலைவலி.

அக்டோபர் 7

கணினி திறக்கவில்லை. இரண்டு வரியும் வரவில்லை. கறுப்புத் திரையின் மூலையில், அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று எழுதி, ஒரு கோடு மின்னி மின்னி நின்றது.

“மனு எல்லாம் போச்சா?” என்றார் டைற்றஸ் அண்ணன். முகம் வெளிறிவிட்டது. எனக்கு மனு ஞாபகத்துக்கே வரவில்லை.

வைதேகி மேடத்துக்கு போன் போட்டேன். திரையில் இருப்பதை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னார்.

“ஒண்ணும் அழியல, பயப்படாதீங்க புஷ்பம். வட்டை அறை அறையா பிரிச்சு வச்சிருக்கோம் இல்லையா? விண்டோஸ் நடுவுல புதுசா ஒரு சின்ன அறை கட்டியிருக்கு. அதனால பின்னாடி இருக்கிற அறை எண் எல்லாம் ஒண்ணு தள்ளிப்போச்சு. இது பழைய எண்ணைத் தேடி நிக்குது.”

“நான் பயப்படல மேடம்.”

“சரி. ஒவ்வொரு அறையா திறந்து பாருங்க.”

எல், எஸ் என்று அடித்தால் அறைகளின் பட்டியல் வந்தது. ஒவ்வொன்றின் பெயரையும் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். தெரியாத கோப்பு முறை என்று ஒவ்வொரு அறையும் சொல்லிக்கொண்டே வந்தது. கடைசிக்கு முந்தியதில்தான் கோப்புகளின் பெயர்கள் கொட்டின. அந்த எண்ணைச் சொல்லி, மேடம் சொன்ன இன்னும் மூன்று வரிகளை அடித்ததும் பழையபடி இரண்டு வரியும் வந்தன.

மேல் வரி திறந்தது. அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். கீழ் வரியைத் தட்டிப் பார்க்க அவர் விடவில்லை. “முதல்ல மனுவை ஏத்திக்கிடுதேன் பிள்ளே. கடல் எங்க ஓடிப் போவுது?”

நிரந்தரமாகச் சரிசெய்யக் கடல் பக்கம் போயாக வேண்டுமாம். அதுவரை ஒவ்வொரு தடவை அணைந்து எரியும்போதும் அந்த வரிகளை அடித்தாக வேண்டும். மறக்காமல் இருக்கப் பேனாவால் இடது முழங்கையில் எழுதிக்கொண்டேன்.

அக்டோபர் 8

தென்கிழக்கு அரபிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில். மழை. ரேஷனில் பச்சரிசி வரவில்லை.

அக்டோபர் 9

தாழ்வு மண்டலம் ஆகிவிட்டது, புயலாகும் என்கிறார்கள். கரையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிகிறது. தெரிய வேண்டியவர்கள் ரேடியோ எட்டாத தூரத்தில் இருக்கிறார்கள்.

மத்தியானம் அண்ணன் தானாகவே எழுந்து நாற்காலியைக் காட்டினார். வரிகளை அடித்தேன், மெனு வந்தது, கீழ் வரியைத் தட்டினேன். எழுத்துகள் ஓடி, பாதியில் நின்றன. அவசர நிலை என்றது. திங்கட்கிழமை கரண்ட் போனது, அதற்கு முன்னால் போனது எல்லாம் சேர்ந்து உள்ளே ஏதோ குலைந்திருக்கிறது.

மேடம் போனில்: “ஒரு சோதனை ஓட்டணும். குலைஞ்சதை அதுவே சரிசெய்யும். சில நேரம், சரிசெய்யத் தெரியாததைத் தூக்கி எறிஞ்சிடும்.”

“எதை எறியும்?”

“முன்கூட்டியே சொல்ல முடியாது. பெட்டிகளோட பட்டியலா இருந்தா படகோட பேச முடியாம போயிடும். அதனால முதல்ல ஒரு நகல் எடுக்கணும். எஃப், எஸ், சி, கே அடிச்சு... இருங்க, முதல்ல...”

அத்துடன் லைன் அறுந்தது. மறுபடி போட்டேன், போகவில்லை. அண்ணன் போனிலும் டவர் இல்லை. தெருவில் இறங்கி எல்லார் போனையும் வாங்கிப் பார்த்தேன். காற்று டவரைச் சாய்த்துவிட்டதாகச் சொன்னார்கள்.

நகல் எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது. ஐந்து மணி வரை அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் அடிக்கவில்லை.

வீட்டுக் கூரை ஒழுகுகிறது. அதனால் இங்கேயே படுத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 10

காலையில் பெண்கள் வந்துவிட்டார்கள். ஜெபமாலை மாதம் என்பதால் கோயிலில் கூடியவர்கள் அப்படியே இங்கே வந்திருக்கிறார்கள். மாடிப்படி வரை உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். ஜெசிந்தா மைனியும் வந்திருந்தாள். என் அண்ணன் லியோன்ஸின் மனைவி. என்னிடம் அவள் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. லியோன்ஸ் அண்ணன் ‘விடிவெள்ளி’யின் ஸ்ராங்கு. கடலில் ஒருமுறை அவனுடைய தூண்டில் கயிறு செல்வமாதாவின் அடியில் சுழலும் காற்றாடியில் சுற்றிக்கொள்ள, பெர்க்மான்ஸ் அதை வெட்டிவிட்டார். வேறு வழியில்லை என்கிறார் இவர். வேண்டுமென்றே வெட்டினான் என்கிறான் அவன். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து கிடையாது.

“எட்டி, அதைத் தொறக்குதியா இல்லியா?” என்று யாரோ படியிலிருந்து கத்தினார்கள்.

டைற்றஸ் அண்ணனைப் பார்த்தேன். “எனக்கு என்ன தெரியும் பிள்ளே” என்றார். “நீ செய்யதைச் செய். கேள்வி வந்தா நான் சொன்னேன்னு சொல்லுதேன்.”

எஃப், எஸ், சி, கே. அடித்தேன். சரிசெய்யட்டுமா என்று கேட்டது. ஆம். மறுபடி கேட்டது. ஆம். கேட்டுக்கொண்டே இருந்தது. எதைத் தூக்கி எறிகிறது என்று தெரியாமலே ஆம், ஆம் என்று அடித்துக்கொண்டிருந்தேன். எழுத்து தவறித் தவறி விழுந்தது. விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தேன், குளிர்.

முடிந்து, தானே அணைந்து எரிந்தது. கறுப்புத் திரை, முழங்கை வரிகள், மெனு, கீழ் வரி. நீல வரைபடம் விரிந்தது. ஒன்பது பெயர்களும் இருந்தன.

படியில் இருந்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். அப்போதுதான் பெயர்களுக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன். கடைசிச் சிக்னல், ஆறு மணி நேரத்துக்கு முன். அடுத்த படகும் ஆறு மணி நேரத்துக்கு முன். எட்டுப் படகுகளும் அப்படியே. மணிக்கொரு தரம் பேசும் பெட்டிகள், எல்லாம் ஒன்றாக அடங்கிப்போயிருந்தன.

கடைசி வரியில் செல்வமாதா. அதற்கு எதிரே, ஐந்து நாட்களுக்கு முன்.

கீழ்வீட்டு ரெஜினா அக்கா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஒருத்தி ஆரம்பித்ததும் எல்லாரும். அந்த அழுகையை நான் எழுதப்போவதில்லை.

அழுகைக்கு நடுவில் கோயிலில் மூவேளை ஜெப மணி அடித்தது. பன்னிரண்டு மணி. நான் திரையின் மூலையைப் பார்த்தேன். அங்கே மாலை ஐந்தரை.

“அக்கா, அழாதுங்க. கொஞ்சம் அழாதுங்க!” நான் கத்தியது எனக்கே விநோதமாகக் கேட்டது.

விண்டோஸ் நம்மூர் நேரத்தை உள்ளே இருக்கும் கடிகாரத்தில் எழுதிவைக்கும். லினக்ஸ் அதை லண்டன் நேரம் என்று நினைத்து ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளும். இன்டர்நெட் இருந்தால் தானே திருத்திக்கொள்ளும், அதனால் நாங்கள் கவனித்ததே இல்லை. ஆறு மணி நேரம் அல்ல. அரை மணி நேரம்தான். எட்டுப் படகும் அரை மணிக்கு முன்னால் பேசியிருக்கின்றன.

கடிகாரத்தைத் திருத்தினேன். எண்கள் மாறியதும் ரெஜினா அக்கா எழுந்து என் தலையில் முத்தம் கொடுத்தாள். எல்லாருக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன். புயல் வருகிறது, போட்ட தூண்டிலை விட்டுவிட்டுக் கிழக்கே தீவுப் பக்கம் ஓடுங்கள். ஒவ்வொரு படகாகச் சரி, சரி என்று பதில் வந்தது.

செல்வமாதாவிலிருந்து வரவில்லை. பெட்டியை அணைத்து வைத்திருக்கிறார்கள். மீன் கிடைக்கும் இடம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று சில ஸ்ராங்குகள் அணைத்துவிடுவார்கள். பெர்க்மான்ஸும் அப்படித்தான். கடைசியாகப் பேசிய இடம் எல்லாருக்கும் மேற்கே. அதற்கு அருகில் இருந்தது ஒரே படகு. விடிவெள்ளி. அருகில் என்றாலும் வயர்லெஸ் எட்டும் தூரம் இல்லை.

நான் அடிக்கத் தொடங்கினேன். மைனி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு:

“ஒன் ஆளுக்காக என் ஆளை அனுப்புதியா?”

“அனுப்பல மைனி. வயர்லெஸ்ல கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுதேன்.”

“கிட்டப் போவாம எப்பிடிக் கேக்கும்?”

நான் எழுதியது இவ்வளவுதான்: ‘அண்ணா, செல்வமாதா பெட்டி அணைஞ்சிருக்கு. உனக்கு மேற்கே இருக்காங்க. வயர்லெஸில் கூப்பிட்டுப் பார். புஷ்பம்.’ கொஞ்ச நேரத்தில் சரி என்று வந்தது. மைனி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்த மணியில் ஏழு புள்ளிகள் கிழக்கே நகர்ந்திருந்தன. ஒன்று மேற்கே.

போ என்று நான் எழுதவில்லை.

அக்டோபர் 11

விடிவெள்ளி இன்னும் மேற்கே. மதியம் இரண்டு மணிக்குச் செல்வமாதாவின் பெயர் திடீரென்று பச்சையானது. பெட்டியைப் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அண்ணன் கூப்பிட்டது கேட்டிருக்கிறது. இரண்டு புள்ளிகளும் பக்கத்தில் பக்கத்தில். திருப்பியிருக்கிறார்கள்.

மூன்று மணிக்கு விடிவெள்ளி பேசவில்லை. நான்கு மணிக்கும் இல்லை. செல்வமாதா நின்ற இடத்திலேயே நின்றது. புயலில் ஒரு படகு ஏன் ஓடாமல் நிற்க வேண்டும்? ஐந்து மணிக்கு அதுவும் பேசவில்லை.

மைனிக்குச் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

அக்டோபர் 12

ஒன்றும் இல்லை.

அக்டோபர் 13

காலையில் கரண்ட் போய் யு.பி.எஸ்.ஸும் செத்தது. அந்த நேரம் பார்த்துச் செய்தி வந்தால்? டைற்றஸ் அண்ணன் மழையில் நனைந்துகொண்டு கோயில் ஜெனரேட்டரை உந்துவண்டியில் தள்ளி வந்தார். அவர் இதய ஆபரேஷன் ஆனவர். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

“நான் அன்னிக்கு நாற்காலியை விட்டிருந்தா நாலு நாளுக்கு முன்னாலே சொல்லியிருக்கலாம் பிள்ளே” என்றார்.

“அன்னிக்குப் புயலே இல்லை அண்ணா” என்றேன்.

மறுபடி கறுப்புத் திரை. முழங்கையில் எழுதியது மழையில் கரைந்துவிட்டது. பரவாயில்லை, இப்போது எழுதாமலே வருகிறது. கடிகாரத்தையும் திருத்தினேன். ஐந்து படகுகள் தீவுகளை அடைந்துவிட்டன. இரண்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ரெஜினா அக்கா புட்டும் பழமும் கொண்டுவந்தாள். பசியில்லை. நேற்று நிறையச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 14

பத்தரை மணிக்கு ஒரு செய்தி. செல்வமாதாவிலிருந்து.

‘விடிவெள்ளி முங்கிட்டு. அவங்க ஆளும் இங்க. எஞ்சின் பழுது, பைய வாறோம். ஒரு ஆள் போச்சு. பேரு’

அவ்வளவுதான். இத்தனை எழுத்துக்கு மேல் பெட்டி வெட்டிவிடும். அவசரத்தில் அடித்தவருக்கு அது தெரிந்திருக்காது.

பெயர் என்ன என்று கேட்டு அனுப்பினேன். செல்வமாதா மறுபடி சாம்பல் நிறமானது. மறுபடி அனுப்பினேன். அனுப்பப்பட்டது என்று வந்தது. பெறப்பட்டது என்று வரவில்லை. பெட்டியின் பேட்டரி தீர்ந்திருக்கும்.

இதை மறைத்துவிடலாமா என்று நினைத்தேன். முடியாது, அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பதினைந்து இருபது பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எழுந்துபோய் உரக்க வாசித்தேன். பேரு என்ற சொல்லோடு நிறுத்தியதும் அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று கேட்டார்கள். அப்புறம் இல்லை என்றேன்.

யாரும் அழவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அழுதால் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒவ்வொருத்தியும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தியும் மற்றவளைப் பார்த்தாள். உன் வீட்டு ஆளாக இருக்கட்டும் என்று நினைப்பது முகத்தில் தெரிந்துவிடுமோ என்று உடனே தரையைப் பார்த்தாள். நான் அப்படி நினைக்கவில்லை. எனக்கு வேலை இருந்தது.

மைனி உள்ளே வந்து என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது. என் கை அல்ல.

“யாரா இருந்தாலும்...” என்று ஆரம்பித்தாள்.

அக்டோபர் 15

பதில் இல்லை. மைனி வீட்டுக்குப் போகவில்லை. நானும்.

அக்டோபர் 16

டவர் வந்துவிட்டது. பதினோரு மணிக்குச் சங்கத்து போன் அடித்தது. தீவுத் துறைமுகத்திலிருந்து. டைற்றஸ் அண்ணன் எடுக்கப் போனார், மைனி பிடுங்கி என் காதில் வைத்தாள்.

“நான்தான்” என்றார் பெர்க்மான்ஸ்.

“அண்ணன்?”

“பக்கத்துல நிக்கான். கை ஒடிஞ்சிருக்கு.”

“அப்போ யாரு?”

“தீபங்கர். விடிவெள்ளியில வேலைக்கு நின்ன அசாம்காரன்.”

நான் பெயரைச் சொன்னேன். எல்லாரும் ஒரே நேரத்தில் அழுது, சிரித்து, கட்டிக்கொண்டார்கள். யாரோ ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தார்கள். நானும் சிரித்தேனாம். டைற்றஸ் அண்ணன் சொன்னார். எனக்கு நினைவில்லை.

எல்லாரும் போன பிறகு பெஞ்சுகளைத் தூக்கிவைத்தேன். இத்தனை நாள் இந்த அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்காக ஒருவரும் வந்து உட்காரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அக்டோபர் 20

நேற்றுக் கரை சேர்ந்தார்கள். பெர்க்மான்ஸ் நிறைய இளைத்துவிட்டார். அவருக்குச் சூடாகக் கஞ்சி வைத்துக்கொடுத்தேன். அண்ணனும் மைனியும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டு ஓடு பறந்துவிட்டது. இரண்டு ஆண்களும் ஒரே படகில் இத்தனை நாள் வந்திருக்கிறார்கள், இன்னும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. “மச்சானுக்கு மாத்திரை கொடுத்தியா” என்று என்னிடம் கேட்கிறார் இவர்.

இன்று தீபங்கரின் மனைவிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் பெயர் மொமி. ஐஸ் பிளாண்டில் வேலை பார்க்கும் பிபுல் அவர்கள் மாவட்டத்துக்காரன், நம்பர் அவனிடம் இருந்தது. சங்க அறையில் போனை மேசைமேல் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி போட்டான். நான் சொல்லச் சொல்ல அவர்கள் மொழியில் சொன்னான். அந்தப் பக்கம் ஒரு குழந்தையின் சிணுங்கல் கேட்டது. பிறகு அவள் ஏதோ கேட்டாள்.

“தேட யார் போயிருக்காங்கன்னு கேக்குறாங்க” என்றான் பிபுல்.

டைற்றஸ் அண்ணன் மெதுவாக, “கப்பல் தேடுதுன்னு சொல்லு” என்றார்.

“பொய் சொல்லாண்டாம்.” லியோன்ஸ் அண்ணன் கட்டுப்போட்ட கையோடு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். “நான் சொல்லுதேன். நீ அப்படியே சொல்லு.”

அவன் சொன்னதை நானும் இன்றுதான் கேட்டேன். மேற்கே போகப் போகக் கடல் சுவர் மாதிரி எழும்பியதாம். அண்ணன் சுக்கானை விட முடியாது. மற்றவர்கள் எஞ்சின் அறையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். வயர்லெஸைப் பிடிக்க ஆள் இல்லை. தீபங்கர் தானே வந்து எடுத்துக்கொண்டானாம். அவனுக்குத் தெரிந்த தமிழில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தானாம், வெள்ளி மத்தியானத்திலிருந்து சனி மத்தியானம் வரைக்கும், தொண்டை கட்டிய பிறகும். செல்வமாதா பதில் சொல்லி, திரும்பி, கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்த பிறகுதான் அந்த அலை வந்தது. சுக்கான் அறையே பெயர்ந்துபோனது. அண்ணன் ஒரு பக்கம் விழுந்தான், அவன் இன்னொரு பக்கம். ராத்திரி முழுக்க இரண்டு படகு ஆட்களும் விளக்கடித்துப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

பிபுல் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி முடித்தான். மொமியிடமிருந்து ஒரு கேள்வி.

“வயர்லெஸ்ல என்ன சொல்லிக்கிட்டு இருந்தார்னு கேக்குறாங்க.”

அண்ணன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கதவருகே நின்றிருந்த பெர்க்மான்ஸ் வந்து மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

“என்னைத்தான் கூப்பிட்டாரு. செல்வமாதா, திரும்பு, திரும்புன்னு. ஒரு ஹிந்திக்காரன் குரல். யாரோ விளையாடுதான்னு நான் முதல்ல வயர்லெஸைக் குறைச்சு வச்சேன். நிறுத்தவே இல்லை. விளையாடுறவன் இவ்வளவு நேரம் கூப்பிட மாட்டான்னு அப்புறந்தான் தோணிச்சு.”

பிபுல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிறகு சொன்னான். அந்தப் பக்கத்திலிருந்து மிகச் சின்னக் குரலில் இரண்டு சொற்கள் வந்தன.

“உங்களுக்குக் கேட்டுச்சான்னு கேக்குறாங்க.”

“கேட்டுச்சு” என்றார் பெர்க்மான்ஸ். பிபுல் சொல்வதற்குள் போனைக் கையில் எடுத்து, அவளுக்குப் புரியாது என்று தெரிந்தும், இன்னொரு தரம் சொன்னார். “கேட்டுச்சும்மா.”